மீன் தொட்டித் தண்ணீர் கலங்கிவிட்டதா? கழுவுவதற்கு முன் இதைப் பாருங்கள்

புதிதாக மீன் தொட்டி வைத்தவர்கள் முதல் மாதத்துக்குள் எப்படியும் ஒருமுறை இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார்கள்: "தண்ணி கலங்கிப் போச்சு, என்ன செய்யறது?" கேட்பதற்கு முன்பே பாதிப் பேர் ஒரு வேலையை முடித்திருப்பார்கள். மீன்களைப் பிடித்து வாளியில் விட்டு, தொட்டியைக் காலி செய்து, கற்களைத் தேய்த்துக் கழுவி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். அன்று மாலை தொட்டி பளிச்சென்று இருக்கும். மூன்றாம் நாள் மறுபடி கலங்கும். மறுபடி கழுவல். இப்படி நாலு சுற்று போனால் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து, கடைசியில் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

பல வீடுகளில் அடுத்த கலங்கலுக்குக் காரணமே அந்த முழுக் கழுவல்தான். ஏன் என்று கீழே வருகிறது. நான் இங்கே மனதில் வைத்திருப்பது சென்னை மாதிரி ஊரில், கொளத்தூரிலோ பக்கத்துக் கடையிலோ வாங்கி வந்த சாதாரணத் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். உள்ளே கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி, ஏஞ்சல் போன்ற நன்னீர் மீன்கள். தண்ணீர் மெட்ரோ வாட்டராகவோ போர் தண்ணீராகவோ லாரித் தண்ணீராகவோ இருக்கலாம். கடல் மீன் தொட்டி வேறு கணக்கு, அது இதில் இல்லை.

முதலில் மீன், அப்புறம் தண்ணீர்

கலங்கல் எந்த வகை என்று ஆராய்வதற்கு முன் மீன்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? செவுள் படபடவென்று அடிக்கிறதா? ஒரு மூலையில் ஒதுங்கி, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கின்றனவா? அப்படியென்றால் மூன்று வேலைகளை உடனே செய்யுங்கள். ஏர் பம்ப்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஃபில்டரின் வாய் தண்ணீர் மட்டத்தை நன்றாகக் கலக்கும்படி உயர்த்தி வையுங்கள். தீனியை நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும், குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள்.

நம் ஊர் வெயிலில் இதை அலட்சியம் செய்ய முடியாது. 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் அது 7.5-க்கு இறங்கிவிடும். அந்த இருப்பையும் கலங்கலை உண்டாக்கும் பாக்டீரியா பங்கு போட்டுக்கொள்ளும்.

மீன்கள் வழக்கம்போல ஓடியாடித் திரிந்தால் அவசரமே இல்லை. என்ன வகை என்று நிதானமாகக் கண்டுபிடிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

டம்ளர் சோதனை

தொட்டியின் நடுவிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுங்கள். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். பிறகு டம்ளரை அசைக்காமல் ஓர் இரவு அப்படியே விடுங்கள்.

காலையில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது வெறும் தூசி. எதுவும் படியாமல் வெள்ளையாகவே நின்றால் பாக்டீரியா. இளம்பச்சை தெரிந்தால் பாசி. டீ மாதிரித் தெளிவான பழுப்பு என்றால் மரக்கட்டை அல்லது இலையின் சாயம். எடுத்த ஐந்து நிமிடத்திலேயே அடியிலிருந்து மேலாகத் தெளிந்துவிட்டால் அது நுண்ணிய காற்றுக் குமிழி. ஃபில்டர் காற்றை உள்ளே இழுக்கிறது, குழாயைச் சரிசெய்தால் போதும்.

டம்ளரில் தண்ணீர் தெளிவாகவே இருந்து தொட்டி மட்டும் மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடியைச் சந்தேகப்படுங்கள். உப்புத் தண்ணீர் ஆவியாகிப் படியும் வெள்ளைக் கறை, உட்புறத்தில் வழவழப்பாகப் படியும் படலம் இரண்டுமே தண்ணீர் கலங்கியது போல ஏமாற்றும். வெளிப்புறக் கறைக்கு வினிகரில் நனைத்த துணி போதும். உட்புறத்துக்குச் சோப்புப் படாத புது ஸ்பாஞ்ச் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பால் வெள்ளை: புதுத் தொட்டியின் கலங்கல்

வருகிற கேள்விகளில் பெரும்பங்கு இதுதான். தொட்டி வைத்து சில நாட்களிலோ, முழுக் கழுவலுக்குப் பிறகோ வரும். மிஞ்சிய தீனியையும் மீன் கழிவையும் தின்று வாழும் பாக்டீரியா தண்ணீரிலேயே மிதந்துகொண்டு பெருகுவதால் அந்த வெண்மை. அழுக்கு என்று நினைத்துத் தண்ணீரை முழுதாகக் கொட்டினால் மிதப்பவை போய்விடும், ஆனால் அவற்றின் உணவு கல்லிடுக்கில் இருக்கும். சாதகமான சூழலில் இந்த வகை ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகக்கூடியது. அதனால்தான் இரண்டு மூன்று நாளில் பழைய நிலைக்கே வருகிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஃபில்டர் பஞ்சிலும் கற்களின் மேலும் ஒட்டி வாழும் பாக்டீரியா. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது இதன் வேலை. இது மெதுவாக வளரும். இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஒரு புதுத் தொட்டியில் இது முழு பலத்துக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம். நீங்கள் குழாயடியில் பஞ்சைப் பிழிந்தபோது குளோரின் தண்ணீரில் செத்தது இந்தக் கூட்டம்தான். கலங்கலைக் கொண்டுவருவது இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும். மீனைக் காப்பாற்றுவது திரும்ப ஒரு மாதம் ஆகும்.

(நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் இரண்டாம் கட்ட வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் அது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பாட்டிலில் பாக்டீரியா வாங்குகிறவர்கள் லேபிளைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.)

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் இரண்டு நாள் பட்டினியில் சாகாது. குஞ்சு மீன்கள் என்றால் முழுதாக நிறுத்தாமல் துளி அளவு போடுங்கள்.
2. அடியில் கிடக்கும் மிச்சத் தீனியை ட்யூபால் உறிஞ்சி எடுங்கள்.
3. ஃபில்டரும் ஏர் பம்ப்பும் இரவு பகலாக ஓடட்டும். தூங்கப் போகும்போது சத்தமாக இருக்கிறது என்று அணைக்கக் கூடாது.
4. அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் வகை நல்லது. காகித ஸ்ட்ரிப்களில் பெரும்பாலும் அம்மோனியா சோதனை இருக்காது.
5. அம்மோனியா தெரிந்தால் தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளியும்.

ஐந்தாவதுதான் பலருக்கு மிகவும் கஷ்டம்.

நாலாவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அதே அளவு அம்மோனியா பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 7-இல் இருப்பதைவிட 8-இல் கிட்டத்தட்ட பத்து மடங்கு நச்சு. போர் தண்ணீர் ஊற்றும் பல வீடுகளில் பி.எச். 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். டெஸ்ட் கிட்டில் லேசாகத்தானே நிறம் மாறியது என்று விட்டுவிட முடியாது.

சீக்கிரம் நிலைக்கு வர ஒரு நல்ல குறுக்கு வழி உண்டு. மாதக்கணக்கில் நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவர்களிடம் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, அவர்கள் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துக் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். கடைத் தொட்டியிலிருந்து வாங்க வேண்டாம். அங்கே வாரா வாரம் புது மீன் வந்து இறங்கும். பஞ்சோடு வெள்ளைப் புள்ளி நோயும் வீட்டுக்கு வரலாம்.

பழைய தொட்டியில் திடீரென்று பால் வெள்ளை வந்தால் கேள்வி வேறு. எங்கோ ஒரு மீன் செத்துக் கிடக்கிறதா என்று அலங்காரப் பொருள்களைத் தூக்கிப் பாருங்கள். ஒரே நாளில் நிறைய புது மீன் விட்டீர்களா, ஆன்டிபயாடிக் மருந்து போட்டீர்களா என்று யோசியுங்கள். அப்புறம் வீட்டில் யார் யார் தீனி போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். காலையில் தாத்தா ஒரு கை, பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு கை, இரவு அப்பா ஒரு கை என்று போடும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரை போட்டு வைக்கும் ஏழு நாள் டப்பா ஒன்றில் அன்றன்றைய தீனியை அளந்து வைத்துவிட்டால் சண்டை இல்லை. அறை காலியாக இருந்தால் அன்றைக்கு முடிந்தது. அளவு என்பது மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்ப்பது. வாரத்தில் ஒரு அறையைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.

தூசியும் போர் தண்ணீரும்

தண்ணீர் ஊற்றிய அன்றே கலங்கினால் கல் சரியாகக் கழுவப்படவில்லை. ஒரு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைப் போட்டு, அரிசி களைவது போல, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். ஏற்கெனவே தொட்டியில் போட்டாயிற்று என்றால் ஃபில்டரில் மெல்லிய பஞ்சு ஒரு அடுக்கு வைத்து இரண்டு நாள் ஓடவிடுங்கள். நிரப்பும்போது அடியில் ஒரு தட்டை வைத்து அதன் மேல் ஊற்றினால் கல் கிளம்பாது. கட்டட வேலைக்கு வந்த எம்-சாண்டை எடுத்துப் போடாதீர்கள். கல் அரைத்த மாவு அதில் நிறைய இருக்கும், எவ்வளவு கழுவினாலும் லேசில் போகாது. கிளிஞ்சல் கலந்த கடல் மணலும் மார்பிள் சில்லுகளும் மெதுவாகக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும்.

போர் தண்ணீர் குழாயில் தெளிவாக வந்து, சில மணி நேரத்தில் வெளிறலாம் அல்லது செம்பழுப்பாகலாம். வெளிறுவது சுண்ணாம்புச் சத்து. நிலத்தடியில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு காற்றில் வெளியேறியதும் அது கரைந்து நிற்க முடியாமல் பிரிகிறது. செம்பழுப்பு இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்து, அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்புவது தீர்வாகாது. அதில் தாது உப்பு அநேகமாக இல்லை, பி.எச். நிலையாக நிற்காது. போர் தண்ணீர் ரொம்பக் கடினம் என்றால் இரண்டையும் கலந்து, எப்போதும் ஒரே விகிதத்தில் ஊற்றுங்கள்.

பச்சைத் தண்ணீர்

தொட்டி ஜன்னலோரத்திலோ பால்கனியிலோ இருந்தால் பெரும்பாலும் இதில் வந்து நிற்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி. சாதாரணப் பஞ்சில் சிக்காத அளவுக்குச் சின்னது என்பதால் ஃபில்டர் எவ்வளவு ஓடினாலும் போகாது. மீனுக்கு நேரடிக் கெடுதல் இல்லை. சொல்லப்போனால் குஞ்சு பொரிக்கும் பண்ணைக்காரர்கள் பச்சைத் தண்ணீரை வேண்டுமென்றே வளர்ப்பார்கள். ஆனால் பாசி இரவில் ஆக்சிஜனை இழுக்கும், வரவேற்பறையில் மீனே தெரியாத தொட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெளிச்சத்தையும், பாசிக்கு உரமாகும் கழிவையும் ஒன்றாகக் குறைக்க வேண்டும். தொட்டியைக் கறுப்புத் துணியாலோ பல அடுக்குச் செய்தித்தாளாலோ நாலு பக்கமும் மூடி, லைட்டை அணைத்து, மூன்று நாலு நாள் விடுங்கள். மேலே காற்று போக இடம் இருக்கட்டும். ஏர் பம்ப் கட்டாயம் ஓட வேண்டும். நடுவில் ஆசைக்குத் திறந்து பார்க்கக் கூடாது. துணியை எடுத்ததும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், அடுத்த நாள் மறுபடி கால் பங்கு. செத்த பாசி அழுகி அம்மோனியாவாகும், அதை வெளியேற்றவே இது. உயிருள்ள செடிகள் இருந்தால் இந்த நாலு நாள் தாங்கும், கொஞ்சம் வாடும்.

அதற்கப்புறம் தொட்டியை நேர் வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள். லைட்டுக்கு ஒரு டைமர் போட்டு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். இடம் மாற்றவே முடியாது என்பவர்களுக்கு யு.வி. ஸ்டெரிலைசர் (புற ஊதா ஒளியால் பாசியைக் கொல்லும் கருவி) நிச்சயமாக வேலை செய்யும். விலை கொடுத்து வாங்குவதற்கு முன் ஜன்னல் திரையை முயன்று பாருங்கள்.

டீ நிறத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். புது மரக்கட்டையைத் தனி வாளியில் ஒன்றிரண்டு வாரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிச் சாயத்தை இறக்குங்கள். அவசரம் என்றால் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது சாயத்தை உறிஞ்சும் கரி, ஒரு பை ஃபில்டருக்குள் போடுங்கள், நாலு வாரத்தில் அதை மாற்றிவிட வேண்டும். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் நாட்டு வாதுமைச் சருகு போட்டு இந்த நிறத்தை வேண்டும் என்றே கொண்டுவருகிறார்கள்.

தண்ணீர் மாற்றுவது, பஞ்சு கழுவுவது

இதைச் சரியாகச் செய்தால் மேலே சொன்ன கலங்கல்களில் முக்கால்வாசி வராது.

தொட்டியின் கொள்ளளவை முதலில் கணக்கிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். நம் இரண்டடித் தொட்டி காகிதத்தில் 56 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் நிஜத் தண்ணீர். வாரம் கால் பங்கு என்றால் ஒரு சின்ன வாளி. அவ்வளவுதான் வேலை.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், லாரித் தண்ணீரிலும் இருக்கலாம். முந்தின இரவே அகலமான வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள், முடிந்தால் ஒரு ஏர் ஸ்டோனை (ஏர் பம்ப் குழாயின் முனையில் மாட்டும் குமிழிக் கல்) போட்டு வையுங்கள். நேரமில்லை என்றால் கடையில் ஆன்டி-குளோரின் என்று கிடைக்கும் சொட்டு மருந்தைப் பாட்டிலில் சொன்ன அளவுக்கு விடுங்கள். மொட்டை மாடி டேங்கில் மதியம் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். தொட்டிச் சூட்டுக்கு வந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தாலே தெரியும்.

ட்யூபின் ஒரு முனையைக் கல்லுக்குள் குத்திக் குத்தி அழுக்கோடு தண்ணீரை உறிஞ்சுங்கள். ஒரு வாரம் இடது பாதி, அடுத்த வாரம் வலது பாதி. உறிஞ்சிய அந்தப் பழைய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதிலேயே ஃபில்டர் பஞ்சை மூன்று நாலு முறை அமுக்கிப் பிழிந்து திரும்பப் போடுங்கள். பஞ்சு பழுப்பாகவே இருக்கும், இருக்கட்டும். தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் போதும். மீதித் தண்ணீர் செடிகளுக்கு நல்ல உரம். செராமிக் ரிங் (பாக்டீரியா ஒட்டி வாழ ஃபில்டருக்குள் போடும் வளையம்) இருந்தால் அதைப் பஞ்சு கழுவும் வாரத்தில் தொடவே வேண்டாம்.

ஃபில்டரின் அளவையும் ஒருமுறை பாருங்கள். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல நாலைந்து மடங்கு தண்ணீரைச் சுற்ற வேண்டும், அதாவது நம் தொட்டிக்கு 200 லிட்டருக்கு மேல். பெட்டியில் போட்டிருக்கும் எண் பஞ்சு அழுக்காகாத நிலையில் வருவது. அதனால் ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள். இந்தத் தொட்டியில் எட்டு கோல்டு ஃபிஷ் வைத்திருந்தால் எந்த ஃபில்டரும் உதவாது. இரண்டே அதிகம்.

யாராவது சொன்னால் செய்ய வேண்டாதவை

படிகாரம் போடு என்பார்கள். குடிதண்ணீர் தெளிய அது சரி. தொட்டியில் போட்டால் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று பி.எச்.சைக் கீழே இழுத்துவிடும், மீனுக்கு அந்தத் திடீர் மாற்றம் தாங்காது. தேற்றாங்கொட்டை இழைத்த கதையும் அப்படித்தான்: பானையில் ஆற்று மண்ணைப் படியவைக்க நம் பாட்டிமார் கண்ட அருமையான முறை, ஆனால் நம் தொட்டியில் இருப்பது மண் கலங்கல் இல்லையே. கொட்டையின் மிச்சமே இன்னொரு தீனியாகிப் பாக்டீரியாவை வளர்க்கும். வாட்டர் கிளாரிஃபையர் என்று விற்பது நுண்துகள்களை ஒட்டவைத்துப் பஞ்சில் சிக்க வைக்கிறது. தூசிக்கு ஒருமுறை பயன்படுத்தலாம். அளவு மீறினால் செவுளைப் பாதிக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது, அழுக்கைத் தின்னும் என்று சொல்லித் தலையில் கட்டப்படும் சக்கர் மீன், அதாவது டேங்க் கிளீனர். அது பாசியைக் கொஞ்சம் சுரண்டும், கூடவே நீளமான கழிவையும் விடும். விரல் நீளத்தில் வாங்கியது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்து, வலை போடுகிறவர்களுக்குத் தலைவலியாகியிருக்கிறது. வேண்டாம் என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கரண்ட் போனால்

கடைசியாக, மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஃபில்டர் நின்றதும் பஞ்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வருவதும் நின்றுவிடும். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் சில மணி நேரத்திலேயே சிக்கல் தொடங்கும். அப்படியே மறுபடி ஓடவிட்டால் உள்ளே அழுகிய தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் வந்து, மறுநாள் பால் வெள்ளை.

அதனால் கரண்ட் போய் ஒரு மணி நேரம் தாண்டினால் ஃபில்டரைத் திறந்து, பஞ்சையும் ரிங்குகளையும் எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள். தீனி வேண்டாம். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் மணிக்கு ஒருமுறை ஒரு மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கரண்ட் வந்ததும் ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, பஞ்சைத் திரும்ப வைத்து ஓட்டுங்கள். அடுத்த மூன்று நாள் அம்மோனியாவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தீனி.